ஆறு மணிப் பலகை

எங்கள் தெருவில் இப்போது யாரும் எதையும் தேடுவதில்லை. சாவியைத் தேடுவதில்லை, மூக்குக் கண்ணாடியைத் தேடுவதில்லை, குடித்துவிட்டு எந்தச் சாக்கடையோரம் கிடக்கிறானோ என்று புருஷனைத் தேடுவதில்லை, பிள்ளையைக் காணோமே என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் எல்லாம் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுச் சுவருக்கு வந்து தன் தன் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், அவரவர் வந்து அவரவருடையதை இறக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்தப் பலகையை அடித்தவர் என் வீட்டுக்காரர் இன்னாசி. கொதிகலன் செய்கிற தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக அவருக்குக் கருவிகள் வைக்கும் அறையில் வேலை. அந்த அறையில் சுவர் முழுக்க ஓட்டை போட்ட பலகை, ஓட்டையில் கொக்கி, கொக்கியில் கருவி, கருவியைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரில் அதன் உருவத்துக்கே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அதன் பெயர். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போது ஒரு கோடு காலியாக இருந்தாலும் ஒருத்தரும் கேட்டைத் தாண்ட முடியாது. எங்களுக்குக் கார் கிடையாது. வீடு கட்டும்போது தெருவில் எல்லோரும் கார் ஷெட்டு விட்டார்கள் என்று நாங்களும் விட்டோம், அதில் ஒரு ஸ்கூட்டரும் பழைய சிமெண்டு சாக்குகளும் கிடந்தன. எங்கள் மகள் அமலி பிறந்து நாற்பது நாள் இருக்கும். உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி அவளைப் போட்டுவிட்டு, ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, பலகை ஒரு பக்கம் சாயாமலிருக்க நான்தான் ரசமட்டத்தைப் பிடித்தேன்.

முதல் தடவை பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்து முடுக்கிவிட்டார். பதினாறு ஸ்குரூ ஏற்றி முடித்த பிறகு கொக்கியை நுழைத்தால் நுழையவில்லை. ஓட்டைக்குப் பின்னால் கொக்கியின் மூக்கு திரும்ப இடம் வேண்டுமே. எல்லாவற்றையும் கழற்றினார், பூச்சு பொலபொலவென்று என் தலையில் கொட்டியது.

"ரீப்பர் கட்டையை அடிச்சு அது மேல பலகையை ஏத்தணும் ஜெசி. பின்னாடி காலியா இருந்தாத்தான் முன்னாடி தாங்கும்," என்றார்.

அந்தக் காலி இடத்துக்குள் என்ன போய்க் குடியேறியது என்று இன்றுவரை எங்கள் தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த வாரமே அடுத்த வீட்டு லூர்து அக்கா சுத்தியலை இரவல் வாங்கிப் போனாள். ஆறு மணி அடித்தபோது சுத்தியல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, கறிவேப்பிலைச் செடியை லேசாக உரசிக்கொண்டு வந்து, தன் கோட்டுக்குள் அடங்கி நின்றது. பின்னாலேயே லூர்து அக்கா வந்தாள், கையில் ஆணியோடு.

"ஏ ஜெசி, பாதி ஆணி அடிக்கையில இப்படியா உருவிக்கிட்டு வரும்? ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்னவாம் அதுக்கு?"

"தப்புதான்க்கா," என்றேன் நான். வேறு என்ன சொல்வது.

மறுநாளே அவள் தன் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து வரையச் சொன்னாள். பிறகு எதிர் வீட்டு எமில்டாவின் தோசைத் திருப்பி, அவள் மாமனாரின் கண்ணாடி, யார் யாருடைய குடை, டார்ச்சு, செபமாலை என்று பலகை நிறைந்துபோய், இன்னாசி இரண்டாவது பலகை வாங்கி அடித்தார், மூன்றாவதும் அடித்தார். தோசைத் திருப்பியின் பிடி ஒரு மத்தியானம் உடைந்தது. ஆறு மணிக்கு அது கோட்டுக்குள் வந்தபோது பிடியோடுதான் வந்தது. கோடு எப்படியோ பொருள் அப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம், தெரிந்ததும் லூர்து அக்கா ஒரு சோப்பை வரையச் சொன்னாள், அது மாசக் கணக்கில் கரையவே இல்லை. பங்குச் சாமியார் வந்து, "தோத்திரம் சாமி" என்று நாங்கள் வரிசையில் நிற்க, பலகைகளின் மேல் தீர்த்தம் தெளித்து, "இதுல பேயுமில்ல பிசாசுமில்ல, ஒழுங்குதான் இருக்கு, உங்க கிட்ட இல்லாதது இதுகிட்டயாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிள் பம்பை வரைந்து வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு சனிக்கிழமை லூர்து அக்கா தயங்கித் தயங்கி வந்தாள்.

"இன்னாசி தம்பி, உன் பலகை ஆள் தாங்குமா?"

"எத்தனை கிலோக்கா?"

"நாத்தத்தோட சேர்த்து எழுபது இருக்கும்."

குடித்து நினைவில்லாமல் கிடந்த அவள் புருஷன் கஸ்பார் அண்ணனைத் தூக்கிவந்து, இரண்டு பேர் அக்குளில் முட்டுக்கொடுக்க, இன்னாசி முழங்கால் போட்டுக் கோடு இழுத்தார், கீழே பெயரும் எழுதினார். மறுநாள் மணி அடித்தபோது கஸ்பார் அண்ணன் ஒன்றரை மைல் தள்ளியிருந்த கடையிலிருந்து பின்பக்கமாக வந்தார். குதிகால் இரண்டும் செம்மண்ணில் இரண்டு கோடு கிழிக்க, கையில் கிளாஸ் சிந்தாமல், பஸ்காரர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்து, சட்டைக் காலர் இரண்டு கொக்கியில் மாட்டத் தொங்கினார். தெருவே கூடிச் சிரித்தது. அவரும் சிரித்தார். "முன்னாடி பாத்து வரலாம்னாலும் விடமாட்டேங்குதுடி லூர்து," என்றார். அடுப்பில் குழம்பு இருந்தால் அவள் குழம்பை இறக்கிவிட்டுத்தான் அவரை இறக்குவாள். செபமாலை சொல்ல வேண்டியிருந்தால் அதையும் சொல்லிவிட்டு. நாள்போக்கில் கொடியில் காய்ந்த துணி மாதிரி, ஞாபகம் வந்தபோது எடுத்துப் போனாள்.

எமில்டாவின் மாமனார் சூசை வாத்தியார் ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் தினமும் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி எந்த ரோட்டிலாவது போய் நிற்பார். எமில்டா அவரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கரும்பலகையில் எழுதுகிற மாதிரி வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தார், இறக்கச் சொன்னால் இறக்கவில்லை, அப்படியே வரைந்துவிட்டார்கள். முதல் வாரம் மணி அடித்த கையோடு வந்து இறக்கினாள். பிறகு சீரியல் முடிந்து வந்தாள். பிறகு சனிக்கிழமை மட்டும், ஞாயிற்றுப் பூசைக்குக் குளிப்பாட்ட.

"தரையில விட்டா நடக்கிறாரு ஜெசி, நடந்தா திரும்ப இங்கதான் வரப்போறாரு. எதுக்கு அவருக்கும் அலைச்சல்?" என்று சொல்லி, முக்காலி மேல் ஏறி நின்று கரண்டியால் கஞ்சி ஊட்டினாள்.

காலையில் நான் ஷெட்டைப் பெருக்கப் போனால், "பெல் அடிச்சாச்சாம்மா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல சார்" என்பேன். மழைக்காலத்தில் ஒரு நாள் துணி காயப்போட வேறு இடமில்லாமல், தூக்கியிருந்த அவர் கையில் அமலியின் இரண்டு ஜட்டியை நானும்தான் காயப்போட்டேன். சாயங்காலம் வரைக்கும் கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷத் தேர்த் திருவிழாவில் எமில்டாவின் மகன் டெனிஸ், ஏழு வயது, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் தொலைந்துபோனான். பலூன் கடைப் பக்கம் கண்டுபிடித்தோம். மறுநாள் காலை தெருவில் இருந்த பதினோரு பிள்ளைகளையும் தலைவாரிப் பொட்டுவைத்துக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் வரிசையாக நிறுத்தி வரைந்தார்கள். பிள்ளைகளுக்கு அது ராட்டினம் மாதிரி இருந்தது. மணி அடித்தால் பந்து கையிலிருக்க, பம்பரம் கையிலிருக்க, சிரித்துக்கொண்டே பின்பக்கமாகப் பறந்து வந்து மாட்டிக்கொள்ளும். அமலிக்கு அப்போது ஏழு மாசம். "கைப்பிள்ளை எங்க ஓடப் போவுது, நடக்கட்டும் பாத்துக்கலாம்" என்று லூர்து அக்காதான் சொன்னாள்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தபோது போன வருஷ யூனிஃபார்ம் எல்லாப் பிள்ளைக்கும் சரியாக இருந்தது. தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்கள். காலையில் விழுந்த பால் பல் சாயங்காலம் பழைய இடத்தில் இருந்தது. கீழே விழுந்து முழங்கால் தேய்ந்தால் தழும்பு கிடையாது. பிறகுதான் டெனிசின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அவன் காலையில் மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறான், மறுநாள் பாதியில் நின்றுவிடுகிறான், கோடு போட்ட அன்றைக்கு அவனுக்கு "ஐமூணு பதினஞ்சு" வரைக்கும்தான் தெரியும், அதற்குமேல் படித்ததெல்லாம் ஆறு மணிக்கு உதிர்ந்துவிடுகிறது. எமில்டா அன்றைக்கே தின்னரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் வளர ஒரு வழி விடலாமென்று சுண்டுவிரல் நுனிக் கோட்டை மட்டும் துடைத்தாள். வீட்டில் எழுதிக்கொண்டிருந்த டெனிஸ் கையைப் பார்த்து அலறினான். ரத்தம் இல்லை, காயம் இல்லை, சுண்டுவிரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது, பிறவியிலேயே அப்படி இருந்த மாதிரி. வேறு பலகையில் அவனைப் பெரிதாக வரைந்து பார்த்தாள். பலகை அதை மதிக்கவில்லை. ஒரு பெயருக்கு ஒரு கோடு. அது இன்னாசியின் அறைச் சட்டம், பலகையும் அதையே பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை ஒன்றுதான். அது என்னுடையது.

அமலி நடந்தாள். முன்பக்கம் நான்கு பல், அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு. காக்காயைக் "கா" என்றாள், என்னை "ம்மா" என்றாள், எதற்கெடுத்தாலும் இரண்டு கையையும் மேலே நீட்டித் "தூக்கு" என்றாள். குழாயடியில் லூர்து அக்கா அவளைத் தன் காலோடு நிறுத்திப் பார்ப்பாள்.

"போன மாசம் முட்டிக்குக் கீழ இருந்தா. பாருங்கடி, இப்ப ஒரு விரக்கடை மேல ஏறிட்டா."

சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்ப்பாள். மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் குடத்தை நிரப்பாமலே வந்துவிடுவேன். டெனிஸ் ஒரு நாள் கேட்டுக்குள் தலையை விட்டு, "அத்தை, இவ என்னை விட உசரமாயிருவாளா?" என்று கேட்டான், நான் அமலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எமில்டாவும் நானும் ஒரே கான்வென்ட்டில் படித்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவள் என் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்:

"எங்க பிள்ளைங்கள உங்க வீட்டுச் சுவத்துல மாட்டிட்டு, உன் பிள்ளை மட்டும் வளரணுமோ?"

"நானா எமில்டா வரையச் சொன்னேன்?"

"ரசமட்டம் பிடிச்சது யாரு?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இன்னாசி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். தெருக்காரர்கள் எல்லோரும் தொழிற்சாலை வாசலுக்கே போய் அவரைப் பார்த்திருக்கிறார்கள்.

"தெருவே நம்ம ஷெட்டுக்குள்ள இருக்கு. நம்ம பிள்ளை மட்டும் வெளிய இருந்தா நல்லாவா இருக்கு ஜெசி? கோடு இல்லாத பொருள் எங்க அறையில ஒண்ணு இருந்தா அது திருட்டுப் பொருள், இல்லேன்னா கழிவு. ரெண்டுல ஒண்ணுதான்."

"அவ பொருளாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. நீயா வரையலேன்னா நான் வரைஞ்சிருவேன்."

பஸ் ஏறிப் போய்விடலாமென்று நினைக்காமலில்லை. ஆனால் பதினோரு வருஷம் கோடு இழுத்த கை அது. பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் நினைவிலிருந்தே அளவு பிசகாமல் வரைந்துவிடும், நான் எந்த ஊரில், எந்தச் சிஸ்டர் காலடியில் உட்கார்ந்திருந்தாலும் ஆறு மணிக்கு என் இடுப்பிலிருந்து அவளை உருவிக்கொண்டு போய்விடும். முந்திக்கொள்வது ஒன்றுதான் வழி. ஒரு பெயருக்கு ஒரு கோடு என்றால், அந்த ஒரு கோட்டை நான் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அமலிக்கு ஒரு கவுன் வெட்டிக்கொண்டிருந்தேன். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது மடிப்பில் நாலு விரல் உள்ளே விட்டுத் தைக்க வேண்டும், தோளில் இரண்டு விரல், பக்கவாட்டில் இரண்டு விரல், பிள்ளை வளர வளரப் பிரித்துப் பிரித்து விடலாம் என்று தையல் வகுப்பில் சிஸ்டர் கன்சலாத்தா சொல்லிக்கொடுத்ததைத்தான் கை தன்பாட்டில் செய்துகொண்டிருந்தது. விட்டுத் தைக்காதவள் தாயே இல்லை என்பார் சிஸ்டர். கத்தரிக்கோல் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஏறியது, பிரசவ வலி நின்ற நிமிஷத்தில் வந்ததே அந்த மாதிரி. கோட்டிலும் விட்டு வரைந்தால் என்ன? முழுசாக விட்டுவிட்டால், அவள் அதற்குள் நின்றுகொண்டு வருஷத்துக்கு ஒரு விரல், இரண்டு விரல் என்று தன் பாட்டுக்கு வளர மாட்டாளா?

இன்னாசி வேலைக்குப் போயிருந்தார். ஷெட்டின் கதவைச் சாத்தினேன். "பெல் அடிச்சாச்சாம்மா?" என்றார் சூசை வாத்தியார். "இன்னும் இல்ல சார், கண்ணை மூடிக்குங்க," என்றேன். மூன்றாவது பலகையின் ஓரத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு இடம் இருந்தது. அதில் என் முதுகைச் சாய்த்து நின்று, தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, கை மாற்றி, குனிந்து, கணுக்கால் வரைக்கும் என்னையே வரைந்தேன். இடது தோளருகே கை வழுக்கி, கோடு கொஞ்சம் பள்ளமாகப் போனது. கீழே, கான்வென்ட் கையெழுத்தில், அமலி என்று எழுதினேன். பிறகு அவளைக் கொண்டுவந்து அதன் அடியில் நிறுத்திப் பார்த்தேன். பெரிய அண்டாவில் ஒரு கை அரிசி போட்ட மாதிரி இருந்தாள். மேலே எவ்வளவு இடம்! அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவள் கையை நீட்டித் "தூக்கு" என்றாள், தூக்கிக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு இன்னாசி வந்தபோது பெண்கள் எல்லோரும் ஷெட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

"இது யாருக்குடி, உனக்கா?" என்றாள் லூர்து அக்கா.

"அமலிக்கு. வளத்திக்கு விட்டு வரைஞ்சிருக்கேன்."

முதலில் புரிந்துகொண்டது எமில்டாதான். கோட்டைப் பார்த்தாள், தன் மகனின் கோட்டைப் பார்த்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "எனக்கு ஏன்டி தோணல? சிஸ்டர் எனக்குந்தானே சொல்லிக்கொடுத்தாங்க," என்றாள்.

இன்னாசி கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வழுக்கிய இடத்தில் விரல் நின்றது. "பொருளை வச்சுத்தான் ஜெசி கோடு போடணும். கோடு பெருசா இருந்தா..." என்று அவர் ஆரம்பிக்க, மணி அடித்தது.

மூன்று, மூன்று, மூன்று, கடைசியாக ஒன்பது. திரிகால ஜெபத்துக்கு மொத்தம் பதினெட்டு அடி, சின்ன வயதிலிருந்து எண்ணியிருக்கிறேன். முதல் அடியிலேயே அமலி என் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு போனாள். எல்லாப் பிள்ளைகளையும் போலச் சிரித்துக்கொண்டே போனாள். கவுன் தோள்பட்டை கொக்கியில் மாட்டியது, அவள் உடம்பு கோட்டுக்குள் நிறைய ஆரம்பித்தது. கோடையில் இட்லி மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தேடி வருமே, அப்படி அவள் கோட்டைத் தேடிப் பக்கமெல்லாம் போனாள், கவுனும் கூடவே போனது. மூன்றாவது அடியில் அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருந்திருக்க வேண்டும், பார்த்தேனா என்று தெரியவில்லை. ஆறாவது அடியில் பால் பல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. ஒன்பதில், கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்கு அவளுக்கு உடுப்பு தைத்திருப்பேன். நான் கோட்டை அழிக்க முன்னே பாய்ந்தேன், எமில்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது டெனிசின் விரலை நினைத்துத்தானா, வேறு எதற்காவதா என்று அவளைக் கேட்டதில்லை. பதினொன்று, பன்னிரண்டு, அவள் எலும்புகள் ஈர மூங்கில் மாதிரிச் சடசடவென்றன, அவள் வீறிட்டு அழுதாள். பதினேழில் அவள் அழுகையை நிறுத்தினாள். பதினெட்டில் கோடு நிறைந்தது.

பிறகு வழக்கம்போல அவரவர் தங்களுடையதை இறக்க ஆரம்பித்தார்கள். டெனிசை இறக்கினார்கள், சாவிகளை எடுத்தார்கள்.

"இன்னைக்குக் குழம்புகூட வைக்கல," என்று யாரோ சொன்னார்கள். லூர்து அக்கா என் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அழாதடி. பதினாறு பதினேழு வருஷத்துக் கஷ்டம் ஒரே நிமிஷத்துல போச்சு உனக்கு. தண்ணி லாரி வந்தா இனி நீ ஓட வேண்டாம், ஒரு குடத்துக்கு ஆள் ஆச்சு."

இன்னாசியும் நானுமாக அவளைக் கொக்கியிலிருந்து கழற்றித் தரையில் நிறுத்தினோம். கால் நின்றது, நிற்கத்தான் தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் உயரம். என் கழுத்து. என் கை வழுக்கிய இடத்தில் அவள் இடது தோள் பள்ளமாக இருந்தது. கண் மட்டும் காலையில் பார்த்த அதே கண். அதில் கண்ணீர் காயவில்லை. அவள் இரண்டு கையையும் என்னை நோக்கி மேலே நீட்டினாள், நீட்டிய கை என் தலைக்கு மேலே போய்விட்டது, எங்கே நீட்டுவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"தூக்கு," என்றாள். அதே மழலை.

அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். விட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, முழங்காலை மடக்கி மறுபடி தூக்கினேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் தூக்குகிறவள்தானே என்று நம்பிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் எடை முழுவதையும் என் மேல் சாய்த்தாள்; நான் அவளோடு சேர்ந்து தரையில் விழுந்தேன்.